முடியும் வைட்டமின் டியும்: மயிர்க்கால் எதைக் கேட்கிறது?

முடி கொட்டுகிறது என்று தோல் மருத்துவரிடம் போனால் கையில் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்துவிடுகிறது. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு, கூடவே வைட்டமின் டி. மறுநாள் அறிக்கை வருகிறது. மற்ற எண்கள் எல்லாம் வரம்புக்குள் இருக்க, வைட்டமின் டிக்கு எதிரே மட்டும் 14 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 30 முதல் 100 வரை இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு. காரணம் அகப்பட்டுவிட்டது என்ற நிம்மதியுடன் வாரம் ஒரு மாத்திரை தொடங்குகிறது. மூன்று நான்கு மாதத்தில் சீப்பில் சுற்றும் முடியும் குறைகிறது. குறை இருந்தது, மருந்து கொடுத்தார்கள், கொட்டுவது நின்றது. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

ஒன்று இருக்கிறது. அதே வீட்டில் அடர்த்தியான கூந்தலுடன் நடமாடும் அக்காவுக்கும் அதே பரிசோதனையைச் செய்தால், அவருக்கும் 14 என்றோ 16 என்றோ வரத்தான் வாய்ப்பு அதிகம். 2000-ஆம் ஆண்டில் டெல்லியில் ஆரோக்கியமானவர்களைச் சோதித்து வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு மருத்துவ உலகத்தை வியக்க வைத்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் மருத்துவர்கள், செவிலியர்கள், கர்ப்பிணிகள் எனப் பலருக்கும் வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது. வெளியில் நின்று பயிற்சி செய்யும் படைவீரர்களிடம்தான் அளவு சற்றுக் கூடுதல். அதன் பின் நாட்டின் பல பகுதிகளில் செய்த ஆய்வுகளும் இதையே சொன்னன. வெயில் இருப்பது வேறு, அது தோலில் படுவது வேறு. வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. காலை, மாலை இளவெயிலில் அது மிகக் குறைவு. திருப்பதியில் செய்த ஆய்வுகள் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் அதற்கு ஏற்ற நேரம் என்று காட்டின. நாம் நிழல் தேடி ஒதுங்கும் நேரம் அது. கறுத்த தோலில் உள்ள மெலனின் அந்தக் கதிரின் ஒரு பகுதியைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது.

ஆக, முடி கொட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு வைட்டமின் டி குறைவு என்பது உண்மை. கொட்டாதவர்களில் பெரும்பாலோருக்கும் குறைவு என்பதும் உண்மை. அப்படியானால் இரண்டுக்கும் தொடர்பே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. தொடர்பு உண்டு. நாம் நினைக்கும் இடத்தில் அது இல்லை.

முதலில் மயிர்க்காலைப் பார்த்துவிடலாம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சுழற்சியில் இயங்குகிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீள்வது வளர்பருவம். அது முடிந்ததும் மயிர்க்காலின் அடிப்பகுதி இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி மேலே ஏறுகிறது. இதைச் சுருங்குபருவம் எனலாம். பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வுப்பருவம். இறுதியில் பழைய முடி உதிர்ந்து, அதே மயிர்க்காலிலிருந்து புது முடி கிளம்புகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இந்தக் கணக்கில் இயல்பானதே.

இந்தச் சுழற்சி மறுபடி தொடங்குவது தானாக நடந்துவிடுவதில்லை. மயிர்க்காலின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பு இருக்கிறது. அதில் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், உறங்கிக் கிடக்கின்றன. அடியில் உள்ள தோல்முகிழ் என்ற சிறு திசுக்கொத்து சமிக்ஞை அனுப்பும்போது அவை விழித்துப் பெருகி, மயிர்க்காலை மறுபடி கட்டுகின்றன. ஒருவரின் வாழ்நாளில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் இது திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். வைட்டமின் டியின் கதை நுழைவது இந்த இடத்தில்தான்.

வைட்டமின் டி என்று பெயர் இருந்தாலும் அது வேலை செய்யும் விதத்தில் ஒரு ஹார்மோன். தோலில் உருவாகும் பொருள் முதலில் கல்லீரலில் ஒரு மாற்றம் அடைகிறது. ஆய்வகம் அளந்து நமக்குச் சொல்லும் எண் இந்த இடைநிலைப் பொருளுடையது. பிறகு சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம். அப்போதுதான் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவம் பிறக்கிறது. அது செல்லுக்குள் சென்று ஒரு புரதத்தோடு இணைகிறது. அந்தப் புரதத்துக்கு வைட்டமின் டி ஏற்பி என்று பெயர். 1969-இல் அமெரிக்காவில் மார்க் ஹௌஸ்லரும் ஆந்தனி நார்மனும் கோழிக்குஞ்சின் குடலில் இதைக் கண்டறிந்தார்கள். ஹார்மோன் வந்து சேர்ந்ததும் ஏற்பி டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை இயக்குகிறது. குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவது இப்படித்தான்.

ஏரிப்பாசன ஊர்களில் இருந்த நீர்பாய்ச்சியின் வேலையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஊர் உத்தரவு கொடுத்தால் அவர் மடையைத் திறப்பார். கால்சிட்ரியால்தான் அந்த உத்தரவு; ஏற்பிதான் நீர்பாய்ச்சி. உத்தரவு வராத நாளில் நீர்பாய்ச்சிக்கு வேலை இல்லை என்றுதான் ஆய்வாளர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்தவை சில குழந்தைகளின் தலைகள்.

வைட்டமின் டி இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு எலும்பு மென்மையாகி, கால் வளையும் ரிக்கெட்ஸ் நோய் வரும். பெரும்பாலும் அது வெயில் படாததாலும் உணவுக்குறையாலும் வருவது. மிக அரிதாகப் பரம்பரையாகவும் வரும். அதில் இரண்டு வகை. முதல் வகைக் குழந்தைகளின் சிறுநீரகத்தில் கால்சிட்ரியாலை உண்டாக்கும் நொதி பழுதாக இருக்கும். எவ்வளவு வெயில் பட்டாலும் அவர்கள் ரத்தத்தில் செயல்படும் ஹார்மோன் மிகச் சொற்பம். இரண்டாம் வகையை 1978-இல்தான் மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தார்கள். இவர்களுக்கு ஹார்மோன் குறைவில்லை. சொல்லப்போனால் இயல்பைவிடப் பலமடங்கு அதிகம். ஏற்பிதான் பழுது. உடல் மேலும் மேலும் ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறது, கேட்பார் இல்லை.

இரு வகையிலும் எலும்பு ஒரேபோல் மெலிகிறது. தலையைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. ஹார்மோனே இல்லாத குழந்தைக்குத் தலை நிறைய முடி. ஹார்மோன் நிறைந்து வழியும் குழந்தைக்குப் பெரும்பாலும், பிறந்த சில மாதங்களில் முடியெல்லாம் உதிர்ந்து தலை முழுவதும் வழுக்கை. பல குழந்தைகளுக்குப் புருவமும் இமைமுடியும் கூட இல்லை.

இந்த ஒப்பீட்டை முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். வைட்டமின் டி குறைந்தால் முடி கொட்டும் என்ற எளிய வாக்கியம் சரியாக இருந்தால், நடந்திருக்க வேண்டியது இதற்கு நேர் எதிர்.

ஒரு சந்தேகம் எழலாம். இரண்டாம் வகையில் கால்சியம் மோசமாகக் குறைவதால்தான் முடி போகிறதோ? 1980-களில் இதற்கும் விடை கிடைத்தது. அந்தக் குழந்தைகளுக்கு இரவுதோறும் மாதக்கணக்கில் நரம்பு வழியாகக் கால்சியம் ஏற்றினார்கள். குடலையும் ஏற்பியையும் கேட்காமல் கால்சியம் நேரே ரத்தத்தில் சேர்ந்தது. எலும்புகள் தேறின, குழந்தைகள் வளர்ந்தார்கள். முடி மட்டும் முளைக்கவில்லை.

மேற்கொண்டு குழந்தைகளிடம் சோதிக்க முடியாது. அங்கிருந்து சுண்டெலிகள் வருகின்றன. 1997-இல் தோக்கியோவில் ஷிகெயாகி கட்டோவின் குழுவும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மேரி டிமேயின் குழுவும் தனித்தனியே, வைட்டமின் டி ஏற்பிக்கான மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கின. அவை பிறந்தபோது இயல்பாகவே இருந்தன. முதல் ரோமமும் ஒழுங்காக முளைத்தது. அந்த ரோமம் உதிர்ந்தபின் அடுத்தது வரவில்லை. முதல் முறை மயிர்க்காலைக் கட்டுவதற்கு ஏற்பி தேவையில்லை. சுழற்சியை மறுபடி தொடங்குவதற்குத்தான் அது தேவை என்பது இதிலிருந்து தெரிந்தது. பிறந்த குழந்தைகள் சில மாதம் முடியோடு இருந்து பிறகு இழப்பதற்கும் இதுவே விளக்கம்.

டிமேயின் குழு அடுத்தடுத்துச் செய்த சோதனைகள் ஒவ்வொன்றும் ஒரு சந்தேகத்தை அடைத்தன. ஏற்பியற்ற எலிகளுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் லாக்டோஸும் மிகுந்த உணவு கொடுத்தார்கள். ரத்தத்தில் கால்சியம் சரியானது, ரிக்கெட்ஸ் வரவில்லை, வழுக்கை வந்தது. பிறகு, உடல் முழுதும் ஏற்பி இல்லாத எலியில் மேல்தோல் செல்களுக்கு மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரோமம் உதிரவில்லை. ஆக, பிரச்சினை குடலிலோ எலும்பிலோ இல்லை, மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறது. இயல்பான ஏற்பி உள்ள எலிகளைப் புற ஊதாக் கதிரே இல்லாத அறையில், வைட்டமின் டி இல்லாத உணவில் வளர்த்தார்கள். கடுமையான பற்றாக்குறை உண்டானது. ரோமம் அப்படியே இருந்தது.

கடைசியாக வந்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹார்மோன் ஒட்ட முடியாதபடி மாற்றப்பட்ட ஏற்பியை, ஏற்பியற்ற எலியின் மேல்தோலுக்குக் கொடுத்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது. ஹார்மோனைப் பிடிக்கவே முடியாத அந்த ஏற்பியும் வழுக்கையைத் தடுத்தது! மனிதர்களிலும் இதற்குச் சாட்சி உண்டு. இரண்டாம் வகைக் குழந்தைகளில் சிலருக்கு ஏற்பியில் ஹார்மோன் ஒட்டும் இடம் மட்டும் பழுதாகி, டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி நன்றாக இருக்கும். அவர்களுக்கு ரிக்கெட்ஸ் வருகிறது, வழுக்கை வருவதில்லை.

உத்தரவே வராத நாளிலும் நீர்பாய்ச்சி ஏதோ செய்கிறார் என்றுதானே இதற்குப் பொருள்? என்ன செய்கிறார்? இதற்கான துப்பு வேறொரு நோயிலிருந்து வந்தது. 1998-இல் ஏஞ்சலா கிறிஸ்டியானோவின் குழு, பாகிஸ்தானைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வரும் முழு வழுக்கைக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணுவின் பெயர் ஹேர்லெஸ். அதில் பழுது உள்ளவர்களுக்கும் பிறப்பில் முடி இருந்து, பிறகு உதிர்ந்து, மறுபடி முளைப்பதில்லை. தோலை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஏற்பி பழுதான குழந்தையின் தோலைப் போலவே இருக்கும். எலும்பும் கால்சியமும் மட்டும் குறையின்றி இருக்கும். 2003-இல், ஹேர்லெஸ் புரதம் வைட்டமின் டி ஏற்பியோடு நேரடியாக இணைந்து, மரபணுக்களை இயங்கவிடாமல் அடக்கிவைக்கும் ஒரு துணை ஒடுக்கி என்று தெரியவந்தது.

மடையை மூடிக் காப்பதும் நீர்பாய்ச்சியின் வேலைதான். தேவையில்லாதபோது தண்ணீர் ஓடிவிடாமல் பார்ப்பதற்கு ஊர் உத்தரவு வேண்டியதில்லை. அவர் அங்கே இருந்தால் போதும். மயிர்க்காலில் ஏற்பியும் ஹேர்லெஸும் சேர்ந்து, குருத்தணுக்களின் விழிப்பைத் தடுக்கக்கூடிய சில மரபணுக்களை மூடியே வைக்கின்றன என்பதுதான் இன்றைய விளக்கம். காவல் இல்லாவிட்டால் அந்தத் தடைகள் மேலெழுகின்றன, சுழற்சி நின்றுபோகிறது. முடிக்குத் தேவை ஏற்பி. அந்த ஏற்பி நம் எல்லோரிடமும் பிறப்பிலிருந்தே இருக்கிறது. பிறவிப் பழுது உள்ளவர்கள் உலகிலேயே மிகச் சிலர்தாம், அவர்களுக்கு மாத்திரையால் முடி வராது.

சரி, மாத்திரை சாப்பிட்டவருக்குக் கொட்டுவது நின்றதே, அது பொய்யா? பொய்யில்லை. ஆனால் மாத்திரை இல்லாமலும் நின்றிருக்குமா என்று கேட்க வேண்டும். 1961-இல் ஆல்பர்ட் கிளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் ஒரு வகை முடியுதிர்வை விவரித்துப் பெயரிட்டார். டைஃபாய்டு, டெங்கு போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் ஆகியவற்றின் அதிர்ச்சியில் ஏராளமான மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுப்பருவத்துக்குப் போய்விடுகின்றன. ஓய்வு மூன்று மாதம் அல்லவா? அதனால் முடி அப்போதே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக்கொத்தாக வரும். காய்ச்சல் மறந்தே போயிருக்கும், வேறு காரணம் தேடுவோம். பிரசவித்த பெண்களுக்கு இது எவ்வளவு கலக்கம் தருகிறது என்பதை வீட்டில் பார்த்தவர்கள் அறிவார்கள். ஓய்வு முடிந்ததும் பெரும்பாலோருக்கு அடுத்த மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது தானே அடங்கிவிடும். அந்த இடைவெளியில் எதைச் சாப்பிட்டிருந்தாலும், எந்த எண்ணெயைத் தடவியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். ஒரே மாதிரி உதிர்வு உள்ள இரு குழுக்களுக்கு, எது உண்மை மாத்திரை எது வெற்று மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் கொடுத்து ஒப்பிட்டால்தான் இதைப் பிரித்தறிய முடியும். முடிக்கென்று அப்படியான பெரிய அளவுச் சோதனை எதுவும் இன்னும் கையில் இல்லை.

கையில் இருப்பவை பெரும்பாலும் ஒரு நாள் ரத்தத்தை எடுத்து ஒப்பிட்ட ஆய்வுகள். முடி உதிர்பவர்களுக்கு வைட்டமின் டி சராசரியாகக் குறைவு என்று அவற்றில் பல சொல்கின்றன. எகிப்தில் பெண்களிடம் செய்து 2013-இல் வெளியான ஆய்வு அப்படிப்பட்டது. அதிலேயே இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் குறைவாக இருந்தது. இரண்டும் ஒரே ஆளிடம் குறைந்திருக்கும்போது எது காரணம், எது உடன்வந்தது? தவிர, உடலில் அழற்சி இருந்தாலே இந்த எண் இறங்கும். உடல் பருமன் இருந்தாலும் இறங்கும். முடி போய்விட்டதே என்று கூச்சப்பட்டு வெளியே போகாமல் இருப்பவருக்கும் இறங்கும்.

புழுவெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். வட்டம் வட்டமாக முடி உதிரும் இந்நோயில், உடலின் நோயெதிர்ப்புச் செல்களே மயிர்க்காலின் வேரைத் தாக்குகின்றன. நோயெதிர்ப்புச் செல்களிலும் வைட்டமின் டி ஏற்பி உண்டு. அங்கே ஹார்மோனுக்கு வேலையும் உண்டு. புழுவெட்டு உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த அலசல்களும் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த வைட்டல் என்ற பெரிய சோதனையில், தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தவர்களிடம் தன்னுடலைத் தாக்கும் நோய்கள் ஒட்டுமொத்தமாக 22 சதவீதம் குறைவாகத் தோன்றின என்று 2022-இல் அறிவித்தார்கள். அது முடியைக் குறிவைத்த சோதனை அல்ல. என்றாலும், வைட்டமின் டிக்கும் முடிக்கும் ஒரு நேர்த் தொடர்பு நிரூபணமாகும் என்றால் புழுவெட்டில்தான் அது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அதே வைட்டல் சோதனையில் எலும்பு முறிவு குறையவில்லை, புற்றுநோயும் மாரடைப்பும் குறையவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். குறைந்த அளவோடு சேர்ந்து காணப்பட்ட நோய்களில் பல, அளவை உயர்த்தியபோது விலகவில்லை. ஆண்களுக்கு நெற்றி ஏறி உச்சி தெரியும் பரம்பரை வழுக்கையோ ஆண் ஹார்மோன்களும் மரபும் சேர்ந்து செய்வது. அங்கே இந்த மாத்திரைக்கு வேலையில்லை.

அறிக்கையில் 14 என்று வந்தவர் அதை அலட்சியப்படுத்தலாம் என்று நான் சொல்லவில்லை. 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் அது எலும்புக்கும் தசைக்கும் நல்லதல்ல, சரிசெய்ய வேண்டியதே. ஆனால் அந்த 30 என்ற கோட்டைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அதைப் பரவச் செய்த அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டலில் அந்த இலக்கைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்வதையும் தவிர்க்கச் சொன்னது. முடிக்காக வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது மூன்று மாதத்துக்கு முன் என்ன நடந்தது என்பதைத்தான். பிறகு ஃபெரிட்டினும் தைராய்டும். நம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறை அவ்வளவு பரவலாக இருக்கும்போது, எல்லாப் பழியையும் வைட்டமின் டி மீது போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 60,000 யூனிட் மாத்திரை. வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு என்று எழுதிக்கொடுப்பார்கள். சீக்கிரம் முடி வளரட்டும் என்று அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் எனத் தொடங்கிச் சிறுநீரகம் வரை கெடும். கூடவே விற்கும் முடி மாத்திரைகளில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். மிகுந்த அளவில் எடுத்த பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளின் அளவீட்டையே குழப்பி, தைராய்டு எண்களை மாற்றிக் காட்டும். வைட்டமின் டியை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. அந்த மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுப்பது நல்லது.